குளிர் ஊர்தானே என்று விட்டுவிடாதீர்கள்: மலைப்பாலம் கட்டும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியிலும் பழனி மலையிலும் பாலங்களை வடிவமைக்கிற, கட்டுகிற, பராமரிக்கிற பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் குன்னூர்க்காரன். கோவையில் பல வருடம் பாலம் டிசைன் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். மண்சரிவு நாட்களில் நீங்கள் ராத்திரி பகல் பாராமல் சாலையைத் திறந்துவைக்கப் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு மலைப்பாலத்தின் டிசைன் நோட்டைப் பார்க்கக் கேட்டார்கள். எந்த அலுவலகம், எந்தப் பாலம் என்பது இங்கே வேண்டாம். வண்டிப் பாரம், நிலநடுக்கம், காற்று, வெள்ளம் எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன. வெப்பநிலை என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி. குளிர்ப் பிரதேசம் என்பதால் வெப்ப விளைவு கணக்கில் எடுக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவர் நல்ல பொறியாளர், நல்ல மனிதரும்கூட. அதனால்தான் எனக்கு அது அன்றிரவு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அவரே இப்படி நினைத்தால், இன்னும் எத்தனை பேர் நினைப்பார்கள்?

ஒரு பாலத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில், ஓடைக்கு மேலே, நடுவில் தூண் இல்லாமல் ஒரே ஸ்பானில் நிற்கிற பழைய கர்டர் பாலம். கர்டர் என்றால் சாலையைச் சுமக்கும் நீள உத்திரம். கர்டரின் முனை உட்காரும் பேரிங் என்றால் இரும்புத் தகட்டின் மேல் இரும்புத் தகடு, அவ்வளவுதான். பாலத்தின் முனையில் ஒரு அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். அங்கே நின்று டீ குடிக்கும்போது ஒரு நாள் சொன்னார்: "தம்பி, பனிக்காலத்துல பதினோரு மணி சுமாருக்கு பாலம் டொக்குன்னு ஒரு சத்தம் போடும். வெயில் இல்லாத நாள்ல போடாது." அக்கா சொன்னதற்கு மேல் அந்தப் பாலத்தைப் பற்றி யாரும் சரியாக எழுதிவைத்ததில்லை. துருப்பிடித்து இறுகிப்போன தகடு, கர்டர் நீளும்போது முதலில் பிடித்து நிறுத்துகிறது. தள்ளு விசை உராய்வை மீறும் நொடியில் கர்டர் சட்டென்று நழுவுகிறது. அந்தச் சத்தம்தான் அது.

ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை அங்கே போனேன். கைப்பிடிச் சுவரின் மேல் உறைபனி உப்புத் தூவியது போலக் கிடந்தது. டெக்கின், அதாவது வண்டி ஓடும் மேல்தளத்தின், மேல் கையை வைத்தால் விரல் மரத்தது. சரிவில் இறங்கி கர்டரின் நடுப்பகுதியைத் தொட்டேன். முந்தின நாள் அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் தொட்டது போல லேசான வெதுவெதுப்பு அதில் மிச்சம் இருந்தது. மத்தியானம் ஒன்றரைக்கு மறுபடி போனேன். தார் மேல் கை வைக்க முடியவில்லை. கர்டரின் நடுப்பகுதியோ காலையில் இருந்ததிலிருந்து அதிகம் மாறவில்லை. மேலே விழுந்த வெயிலின் சூடு அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரே கர்டர், ஒரே நேரம், மேலே ஒரு பருவம், நடுவில் ஒரு பருவம்.

இதுதான் நான் சொல்ல வந்தது. கர்டரின் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையும் ஒன்றல்ல. ஊர் குளிர்ச்சியாக இருக்கிறது என்பது காற்றைப் பற்றிய செய்தி. கர்டரை வதைப்பது வெயிலும், தெளிந்த இரவு வானமும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்கு சொச்சம்தான் இங்கே. காற்று மெலிவதால் வெயில் குறைவாகவே வடிகட்டப்பட்டு டெக்கில் இறங்குகிறது. மழை ஓய்ந்த பின் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும் நாட்களில், ராத்திரியில் அதே டெக் தன் சூட்டைத் தடையில்லாமல் வானத்துக்குக் கொட்டிவிடுகிறது. உறைபனி விழுவதே இதனால்தான். பகலில் ஏற்றமும் இரவில் இறக்கமும் சமவெளியைவிட இங்கே கூர்மை. மலைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜனவரி வெயிலில் தோட்ட வேலை செய்து முகம் கருத்துப் போகாதவர் இங்கே யார் இருக்கிறார்கள்? கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் வைத்ததும் மலை உச்சியின் தெளிந்த வானத்தை நம்பித்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். வெப்ப விளைவு இரண்டு வகை என்பது உங்களுக்குத் தெரியும். கர்டர் முழுக்க ஒரே அளவு சூடாவதோ குளிர்வதோ ஒன்று. மேலிருந்து கீழே வெப்பநிலை மாறிக்கொண்டே போவது இன்னொன்று. முதலாவது எளிது. பாலங்களின் பாரங்களுக்கான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதித்தொகுப்பான ஐ.ஆர்.சி. 6 சொல்லும் விரிவுக் கெழு, அதாவது கான்கிரீட் நீளும் விகிதம், டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு. 20 மீட்டர் கர்டர் 25 டிகிரி மாறினால் 6 மி.மீ. நீளும். இந்த 6 மி.மீ.க்கு இடம் விட்டால் போதும், எந்தப் பிரச்சினையும் இல்லை.

இடம் விடுகிறோமா என்பதுதான் கேள்வி. கர்டர் நீள்வதற்கான இடைவெளியாக எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வைத்துக் கட்டுகிறோம். இரண்டு மழைக்காலத்தில் சரிவிலிருந்து வந்த மண்ணும் ஜல்லியும் அதில் இறுகி அடைத்துக்கொள்கிறது. அப்புறம் சாலைக்குப் புதிதாகத் தார் போடும்போது ஜாயின்ட்டின் மேலும் சேர்த்துப் போட்டு ரோலரை ஓட்டிவிடுகிறார்கள். வழவழவென்று இருக்கிறது, வண்டி குலுங்காமல் போகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். அடியில் கர்டர் நீள வழியில்லாமல் அபட்மென்ட்டின் (கரையோரத் தாங்கு சுவரின்) டர்ட் வாலை, அதாவது சாலை மண்ணைத் தடுத்து நிற்கும் மேல் சுவரை, முட்டுகிறது. நான் சொன்ன பாலத்தில் டர்ட் வாலில் குறுக்கே விரிசல் விட்டது. சிமென்ட் பூசி மூடினார்கள். அடுத்த வெயில் காலத்தில் அதே இடத்தில், பூச்சையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு, மறுபடி விட்டது. எம் 35 தரக் கான்கிரீட்டை நீளவோ சுருங்கவோ விடாமல் முழுதாகக் கட்டிப்போட்டால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.38 மெகா பாஸ்கல் தகைவு (சதுர மி.மீ.க்கு 0.38 நியூட்டன் உள்விசை) ஏறும். 10 டிகிரி குளிர்ந்தாலே 3.8. அந்தக் கான்கிரீட்டின் சராசரி இழுவலிமை 2.8 தான்.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.ஆர்.சி. 6-இல் நாடு முழுக்க நிழல் வெப்பநிலைக் கோடுகள் போட்ட படம் உண்டு. மேட்டுப்பாளையமும் ஊட்டியும் மலை ரயிலில் 46 கிலோமீட்டர் தூரம். அந்தப் படத்தில் இரண்டும் ஒரே புள்ளி. ஆனால் உயரத்தில் ஏறத்தாழ 1,900 மீட்டர் வித்தியாசம், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பொதுக் கணக்கில் 12 டிகிரி. சமவெளிப் பாலத்தின் நோட்டிலிருந்து வெப்பநிலையை அப்படியே எடுத்து ஒட்டினால், பேரிங்கை எந்த நிலையில் உட்கார வைப்பது என்பதே தப்பாகப் போகும். உங்கள் மலையில், அதே உயரத்தில் உள்ள வானிலை நிலையத்தின் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வகைதான் பலரும் தொடாமல் விடுவது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நோட்டில் விட்டுப்போனதில் முக்கியமானது இதுதான்.

கான்கிரீட்டுக்குள் சூடு மெதுவாகத்தான் நகரும். 24 மணி நேரச் சுழற்சியில், மேற்பரப்பில் ஏறி இறங்கும் வெப்ப அலை சுமார் 16 அல்லது 17 செ.மீ. ஆழத்திலேயே மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகச் சுருங்கிவிடும். 40 செ.மீ.க்குக் கீழே பகல் இரவு என்பதே கிட்டத்தட்டத் தெரியாது. ஐ.ஆர்.சி. 6 கொடுக்கும் படிவை, அதாவது ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை மாறும் படத்தை, இதோடு சேர்த்துப் பாருங்கள். பகலில் மேலே 17.8 டிகிரி, 15 செ.மீ. ஆழத்தில் 4, அதற்கும் கீழே 25 செ.மீ. போனால் பூஜ்யம். அடியில் 15 செ.மீ. உயரத்துக்குள் 2.1 டிகிரி. அந்த 15, 25 என்ற எண்கள் கான்கிரீட்டின் குணத்திலிருந்தே வருகின்றன. அதனால்தான் எனக்கு அந்தப் படத்தின் மேல் பிரியம்.

ஒரு கர்டரை எடுத்துக்கொள்வோம். மொத்த உயரம் 1.5 மீட்டர். மேலே 2.5 மீட்டர் அகலம், 20 செ.மீ. கனமுள்ள ஸ்லாப். கீழே 30 செ.மீ. தடிமனில் வெப், அதாவது ஸ்லாப்பைத் தாங்கும் செங்குத்துச் சுவர். எம் 35 கான்கிரீட், மீள்மைக் குணகம் (விறைப்பின் அளவு) 32 கிகா பாஸ்கல். 17.8-இல் தொடங்கும் அந்த வளைகோட்டை வெட்டுமுகத்தின் பரப்போடு பெருக்கிக் கூட்டினால் சராசரி ஏற்றம் 5.3 டிகிரி வருகிறது. நடு அச்சைச் சுற்றித் திருப்புமையாக (வளைக்கும் விளைவாக) கூட்டினால் மீட்டருக்கு 8.9 டிகிரி சாய்வு வருகிறது. சராசரியால் கர்டர் நீளும், சாய்வால் மேல்நோக்கி வளையும். 20 மீட்டர் ஸ்பானில் நடுவில் 5.3 மி.மீ. எழும்பி நிற்கும். மத்தியானம் பாலம் முதுகை வளைக்கிறது என்றால் அது கவிதை இல்லை, கணக்கு.

இரண்டு முனையும் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் கர்டர் நீளவும் வளையவும் சுதந்திரம் உள்ளது. அதனால் தகைவே வராது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வெப்பம் நேர்கோட்டில் இறங்கவில்லை, வளைந்து இறங்குகிறது. ஆனால் வெட்டுமுகம் தட்டையாகவே இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கர்டருக்குள்ளேயே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். மேலே சொன்ன கர்டரில் உச்சியில் 3.4 மெகா பாஸ்கல் அமுக்கம், அடியில் 2.4 அமுக்கம், மேலிருந்து 40 செ.மீ. கீழே வெப்பில் 2.1 இழுவிசை. 2.8 தாங்கும் கான்கிரீட்டில் 2.1! அதுவும் முக்கியக் கம்பி இருக்கும் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல், பக்கவாட்டுக் கம்பி மட்டுமே உள்ள இடத்தில். அந்தப் பக்கவாட்டுக் கம்பியைத்தான் பெயருக்குப் போடுவதாக நினைத்து, சைட்டில் ஒன்று குறைந்தால் யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள்.

உறைபனி இரவில் படம் தலைகீழாகிறது. ஐ.ஆர்.சி. படிவில் மேலே 10.6 டிகிரி இறக்கம், அடியில் 6.6 இறக்கம். அதே கர்டரில் உச்சியில் 1.7 மெகா பாஸ்கல் இழுவிசை, அடியில் 3.0. வண்டி ஒன்றுகூடப் போகாத அதிகாலையில், அடிக் கான்கிரீட்டின் சராசரி இழுவலிமையைத் தாண்டிவிட்டது. குளிர்ப் பிரதேசம் என்று எழுதியவரிடம் எனக்குக் கேட்கத் தோன்றியது இதுதான்: குளிரும் வெப்பநிலைதானே, ஐயா?

தொடர் கர்டராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு 20 மீட்டர் ஸ்பான், நடுவில் ஒரு பியர் (தூண்) என்று வையுங்கள். பகலில் முதுகை வளைக்கப் பார்க்கும் கர்டரை, பியர் மேலே எழவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. விரிசல் விடாத முழு வெட்டுமுகம் என்று கணக்கிட்டால், பியருக்கு மேலே கர்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 917 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புமை, அதுவும் அடிப்பக்கத்தை இழுக்கும் திசையில். தன் எடையும் வண்டிப் பாரமும் அங்கே அடியை அமுக்குகின்றன. அதனால்தான் பியரை நெருங்கும்போது அடிக்கம்பியைக் குறைத்துக்கொண்டு போகிறோம். பியரின் மேலே பாரத்தின் அமுக்கம் ஓரளவு காப்பாற்றும். கொஞ்சம் தள்ளி, பாரத்தின் திருப்புமை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில், வெப்பத்தின் திருப்புமை மட்டும் முக்கால்வாசிக்குக் குறையாமல் அப்படியே நிற்கும். கம்பி குறைந்துபோன இடமும் அதேதான். நியூசிலாந்தில் 1960-களில் கட்டிய பெட்டிக் கர்டர் மேம்பாலம் ஒன்றில் வெப்பத்தால் விரிசல் விட்ட பிறகுதான், பிரீஸ்ட்லி போன்ற ஆய்வாளர்கள் 1970-களில் உட்கார்ந்து இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். அவர்கள் வகுத்த வளைகோட்டில் மேற்பரப்புக்கு 32 டிகிரி. பிரிட்டனிலும் அதே காலத்தில் ஓடுகிற பாலங்களுக்குள் வெப்பமானி புதைத்து அளந்துதான் விதி எழுதினார்கள்.

இதனால் பாலம் இடிந்து விழுமா என்று கேட்பீர்கள். விழாது. கான்கிரீட் விரிசல் விட்டு, கம்பி சற்று நீண்டு கொடுத்ததும் இந்தத் தகைவெல்லாம் தணிந்துவிடும். உச்சநிலை வலிமைக் கணக்கில் இதற்குப் பெரிய பங்கில்லை, உண்மைதான். ஆனால் தணிவதற்குக் கொடுக்கும் விலை விரிசல். சமவெளியில் ஒரு விரிசல் மழைக்குப் பின் காய்ந்துவிடும். இங்கே தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் வாரக்கணக்கில் மூடுபனி கர்டரைத் தடவிக்கொண்டே இருக்கிறது. பாசி பிடிக்கிறது, ஈரம் உள்ளேயே தங்குகிறது, கம்பி துருப்பிடிக்கிறது. ஒரு பாலத்தை அடைத்தால் சுற்றிப் போக வேறு வழி கிடைக்காத ஊர்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

மலைக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கொண்டை ஊசி வளைவை ஒட்டி வளைவாகக் கட்டும் பாலம், சாலையின் வளைவைப் பின்பற்றி நீளாது. அசையாத பேரிங் எங்கே இருக்கிறதோ, அந்தப் புள்ளிக்கும் மற்ற பேரிங்குக்கும் நேர்கோடு போட்டால் அந்தக் கோட்டின் திசையில்தான் நகரும். வழிகாட்டித் தகட்டை வளைவின் தொடுகோட்டில் வைத்துவிட்டு, பேரிங் சிக்கிக்கொண்டது என்று பின்னால் வருந்திப் பயனில்லை. இன்னொன்று, பக்கவாட்டு வெயில். ஜனவரியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 58 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பார்த்த ஓரக் கர்டர் வெயிலில் காய, மலைச்சரிவை ஒட்டிய உள் கர்டர் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். இரண்டையும் டயஃப்ரம் என்ற குறுக்குச் சுவர் பிணைத்திருக்கிறது. இதற்குத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்த நோட் எதுவும் இதுவரை என் கையில் கிடைத்ததில்லை. ஸ்லாப்பை ஓரக் கர்டருக்கு வெளியே கொஞ்சம் கூடுதலாக நீட்டினாலே பாதி வெயில் படாது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். 'வெப்ப விளைவு கணக்கில் எடுக்கப்படவில்லை' என்ற வரியை மலைப்பாலத்தின் நோட்டில் ஏற்காதீர்கள். பகல் படிவு, இரவுப் படிவு இரண்டுக்கும் தகைவை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பேரிங் உட்கார வைத்த நாளும், மணியும், கர்டரின் வெப்பநிலையும் சைட் ரிஜிஸ்டரில் பதிவாகட்டும். தார் போடும் கான்ட்ராக்டரின் வேலைப் பட்டியலில் ஜாயின்ட்டைச் சுத்தம் செய்து திறந்து காட்டிய பிறகே பில் என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னும் ஒன்று. 17.8 என்ற எண் சென்னைக்கும் ஊட்டிக்கும் ஒன்றுதான். இந்த உயரத்தின் வெயிலுக்கும் உறைபனிக்கும் அது போதுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அடுத்து ஊட்டிப் பக்கம் கட்டும் ஒரு பாலத்திலும், கொடைக்கானல் பக்கம் கட்டும் ஒரு பாலத்திலும், கான்கிரீட் போடும் முன் கம்பிக் கூட்டோடு சேர்த்து வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் பத்துப் பன்னிரண்டைக் கட்டிவிடுங்கள். டெக்கின் மேலே, 15 செ.மீ.யில், 40 செ.மீ.யில், வெப்பின் நடுவில், அடியில், இரண்டு ஓரக் கர்டர்களிலும். அளவுகளைப் பதிந்துவைக்க ஒரு டேட்டா லாகர் வேண்டும், ஒரு பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். பாலத்தின் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. கோவையிலும் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் சிவில் படிக்கிற பிள்ளைகள் மாதம் ஒரு முறை வந்து பதிவை எடுத்துப்போவார்கள். கிடைத்த எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அதற்கு முன், நேரம் கிடைத்தால் ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அந்த டீக்கடைக்கு வாருங்கள். உல்லன் தொப்பி மறக்க வேண்டாம். கர்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் வரை அங்கேயே பேசிக்கொண்டிருப்போம். பதினோரு மணி சுமாருக்கு அந்தச் சத்தத்தை நீங்களே கேட்கலாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனாக வேலை பார்த்த
குன்னூர்ப் பொறியாளன்